இரண்டு பக்க வேன்

அவளுக்கு ஊரில் வேனத்தை என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது; ஓட்டுநர் உரிமத்தில் அது பத்திரமாக இருந்தது. ஆனால் ஒன்பது வருஷமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவளை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. வேனில் வரும் பிள்ளைகள் அத்தை என்றார்கள். பிள்ளைகள் சொல்வதைக் கேட்டுப் பெற்றவர்கள் சொன்னார்கள், அவர்கள் சொல்வதைக் கேட்டு டயர் கடைக்காரர் சொன்னார். பள்ளிக்கூட வாசல் காவல்காரருக்கு அவளைவிட இருபது வயது கூட. அவரும், "என்ன வேனத்தை, இன்னிக்கு லேட்டு?" என்றுதான் கேட்பார். முறை பார்த்தால் அவருக்கு அவள் மகள் வயசு.

வேன் அவள் கணவன் ஓட்டியது. அவர் இறந்துபோன மூன்றாம் மாதம், கைக்குழந்தையை அக்கா வீட்டில் விட்டுவிட்டு அவள் வண்டி பழகினாள். "பொம்பள ஓட்டுற வேன்ல புள்ளைய அனுப்புறதா?" என்று அன்றைக்கு இழுத்தவர்கள் எல்லாம் இன்றைக்கு அவள் வேனில் இடம் கேட்டு வரிசையில் நிற்கிறார்கள். காரணம் ஒன்றுதான். ஒன்பது வருஷத்தில் ஒரு பிள்ளையைக்கூட அவள் தவறவிட்டதில்லை. அதைச் சொல்லிக்கொள்வதில் அவளுக்கு அலாதிப் பெருமை, கேட்காதவர்களிடமும் சொல்வாள். அந்தப் பெருமைக்குத்தான் அடி விழுந்தது.

பிள்ளைகளை எண்ணுவதற்கு அவள் கண்ணை நம்பியதே இல்லை. தலையை எண்ணினால் ஒன்று குனிந்து தண்ணீர் பாட்டிலைத் தேடும், ஒன்று இன்னொன்றின் பின்னால் ஒளிந்துகொள்ளும். அதனால் வருஷ ஆரம்பத்திலேயே ஆளுக்கொரு எண் கொடுத்துவிடுவாள். மணி அடித்துப் பிள்ளைகள் ஏறியதும், "சொல்லுங்க!" என்பாள். ஒன்று, இரண்டு என்று அவரவர் வாயால் அவரவர் எண்ணைச் சொல்ல வேண்டும். வராத பிள்ளைக்குப் பக்கத்துப் பிள்ளை, "மூணு லீவு அத்தை" என்று சொல்லும். பதினாலு என்ற குரல் வந்த பிறகுதான் வண்டி நகரும். அந்தப் பதினாலு அவள் மகள்.

அப்படிப் போய்க்கொண்டிருந்த வேனில் தேர்தல் வந்து ஏறிக்கொண்டது.

எந்தத் தேர்தல், யார் நின்றார்கள் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். உங்கள் ஊரிலும் ஒன்று நடந்திருக்கும். ஆறு மாசம் அண்ணன் தம்பி பேசாமல், ஒரே தெருவில் இரண்டு தெரு உண்டாகி, கடைசியில் மயிரிழையில் ஒரு பக்கம் ஜெயித்து, மற்றப் பக்கம் அது மோசடி என்று சொன்ன தேர்தல். வேனத்தை தோற்ற பக்கம். ஓட்டு எண்ணி முடித்த அன்று பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரையில் இனிப்பு ஊட்டிக்கொண்டவர்களைப் பார்த்து, "இவங்க மூஞ்சியிலேயே இனிமே முழிக்கக் கூடாது" என்றாள்.

பத்து வயது மகள் வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "அப்ப நாளைக்கு வேன்ல ஏழு பேரை ஏத்த மாட்டியாம்மா?"

"எந்த ஏழு பேரு?"

"அந்தப் பக்கம் ஏழு பேர் இருக்காங்கல்ல. எங்களுக்கெல்லாம் தெரியும்."

"அது வேற, இது வேற. நீ படி."

எது வேற, எது இது என்று அவளும் சொல்லவில்லை, மகளும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் வேன் ஒரே ரணகளம். அந்த வேனில் இருக்கைகள் எதிரும் புதிருமாக இரண்டு நீள பெஞ்சுகள். நடுவில் பைகள் கிடக்கும். ஐந்தாம் வகுப்பில் ஒருவன் இருந்தான். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் அவனுக்கு வக்கீல் என்று பெயர். அவன் ஏறும்போதே, "தோத்தாங்கோளி, தோத்தாங்கோளி" என்று பாடிக்கொண்டு ஏறினான். எதிர்ப்பக்கம் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி. வேனிலேயே மூத்தவள் என்பதால் பெரியவ. "திருட்டு ஓட்டுப் பசங்க" என்றாள் அவள். இந்த வார்த்தைகள் எல்லாம் இந்த வாய்களில் முளைத்தவையா என்ன? சாயங்காலம் வீடு திரும்புவதற்குள் ஒரு பிள்ளையின் கையில் இன்னொரு பிள்ளையின் பல் பதிந்திருந்தது. எண் சொல்லச் சொன்னால் அதுவும் சண்டை. இந்தப் பக்கத்துப் பிள்ளை "ஏழு" என்றால் அந்தப் பக்கம் "ஊ" என்று கத்தியது.

வேனத்தை வண்டியை ஓரங்கட்டினாள். அவளுக்கு உள்ளே ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு நாள் தூக்கமில்லை. அந்தக் கோபத்தில் அவள் ஒரு காரியம் செய்தாள்.

"ஜெயிச்சவங்க எல்லாம் இடது பக்கம். தோத்தவங்க எல்லாம் வலது பக்கம். நடுவுல பையெல்லாம் அடுக்குங்க. ஒருத்தர் பக்கம் ஒருத்தர் திரும்பக் கூடாது. எண்ணும் வேணாம், மண்ணும் வேணாம். வக்கீலு, இடது பக்கத்துக்கு நீ பொறுப்பு. வலது பக்கத்துக்குப் பெரியவ. எல்லாரும் ஏறியாச்சுன்னா சொல்லுங்க, கிளம்புறேன்."

முன் இருக்கையில் இருந்த மகளையும் எழுப்பி வலது பக்கம் அனுப்பினாள்.

"நான் ஏன் இங்க? நான் ஓட்டே போடலையே."

"போய் உக்காரு."

ஒரே ஒரு பிள்ளைதான் நின்றுகொண்டிருந்தது. இரண்டாம் வகுப்பு. கறுத்த, சின்ன, துறுதுறுத்த பெண். எல்லோரும் மிளகு என்பார்கள். அவள் அப்பா மைக் செட் கட்டுகிறவர். ஜெயித்த பக்கத்துக்கு மைக் கட்டப் போய், கட்டின மைக்கில் தானே கோஷம் போடத் தொடங்கி, முழு ஆளாக அங்கே போய்விட்டவர். அம்மா மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். தோற்ற பக்கத்துக்கு வாக்குச்சாவடியில் முகவராக உட்கார்ந்தவள். அந்த வீட்டில் முடிவு வந்த நாளிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் பேசுவதில்லை. சோற்றுக்கு வேண்டிய பேச்சுகூட மிளகு வழியாகத்தான் போய் வந்தது.

"நீ எந்தப் பக்கம்?" என்று கேட்டாள் வேனத்தை.

"தெரியாது அத்தை."

பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். "எங்க இடம் இருக்கோ அங்க உக்காரு கண்ணு" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.

மூன்று நாள் வேனில் ஊசி விழுந்தால் கேட்கும். அவளுக்கு அது பெரிய சாமர்த்தியமாகப் பட்டது. பெற்றவர்களுக்கும் பிடித்துப்போயிற்று. "நல்ல வேலை செஞ்சீங்க, எங்க பையன் அதுங்களோட ஒட்ட வேணாம்" என்றார் ஒருவர். இன்னொரு அம்மா, அதே சொற்களை எதிர்ப்பக்கத்திலிருந்து சொன்னாள். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே இரண்டு பக்கமும் ஒரே கூத்தாடியைப் பாராட்டின. கண்ணாடியில் பார்க்கும்போது ஏழு பிள்ளைகள் ஒரு பக்கத்து ஜன்னலையும் ஆறு பிள்ளைகள் மறுபக்கத்து ஜன்னலையும் வெறித்துக்கொண்டு போவது தெரியும். மிளகு ஒரு நாள் இங்கே ஓரத்திலும் ஒரு நாள் அங்கே ஓரத்திலும் ஒட்டிக்கொண்டிருந்தாள். அவளை யாரும் அடிக்கவில்லை, கிள்ளவில்லை. சேர்த்துக்கொள்ளவும் இல்லை. வேனத்தை அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, நாலு நாளில் எல்லாம் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டாள்.

நாலாம் நாள் ஜெயித்தவர்கள் நன்றி சொல்லி ஊர்வலம் போகிறார்கள் என்று பேச்சு. பெரிய சாலை அடைபடுவதற்குள் பிள்ளைகளைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டுமென்று அவளுக்கு அவசரம். இன்ஜினை அணைக்காமலே கேட்டாள்.

"இடது?"

"எல்லாரும் இருக்காங்க அத்தை" என்றான் வக்கீல்.

"வலது?"

"எங்க ஆளுங்க எல்லாரும் இருக்காங்க" என்றாள் பெரியவ.

கதவு இழுத்துச் சாத்தப்பட்டது. வேன் கிளம்பியது. சாலைகளில் தள்ளுமுள்ளு. எங்கேயோ வெடிச் சத்தம். ஒவ்வொரு நிறுத்தமாக ஐந்து நிறுத்தத்தில் ஆறு பிள்ளைகள் இறங்கினார்கள். ஆறாவது நிறுத்தம் மிளகின் வீடு. மருந்துக் கடையில் அரை மணி அனுமதி கேட்டுக்கொண்டு வந்து அவள் அம்மா வாசலில் நின்றாள்.

"மிளகு, இறங்கு கண்ணு" என்றாள் வேனத்தை, திரும்பாமலே.

யாரும் இறங்கவில்லை. அவள் திரும்பினாள்.

"எங்க அவ?"

வக்கீல் எதிர்ப்பக்கம் கை காட்டினான். "அவ அந்தப் பக்கம் அத்தை."

"இல்ல அத்தை, இன்னிக்கு அவங்க பக்கம்" என்றாள் பெரியவ. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் முகம் வெளுத்தது.

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அவரவர் ஆட்கள் அவரவர் பக்கம் நிஜமாகவே முழுசாக இருந்தார்கள். வேனத்தை பெஞ்சுக்கு அடியிலும் குனிந்து பார்த்தாள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: அந்த நேரத்தில் அவள் மழுப்பவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற தாயிடம், "ஏறும்மா. புள்ளைய நான் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வந்துட்டேன்" என்றாள்.

"என்னது?"

"விட்டுட்டு வந்துட்டேன். திட்டுறத வண்டில வந்து திட்டு. ஏறு."

மிச்சமிருந்த ஏழு பிள்ளைகளோடு வண்டியைத் திருப்பினாள். நேராகப் பெரிய சாலை வழியாகப் போனால் பள்ளிக்கூடம் ஏழு நிமிஷம். ஆனால் பெரிய சாலையில் ஊர்வலம். மோட்டார் சைக்கிள்கள் கொடி கட்டிக்கொண்டு வளைந்து வளைந்து போயின. வண்டி அங்குலம் அங்குலமாக ஊர்ந்தது. அந்த இரைச்சலில் ஒரு ஏழு வயதுப் பெண் எங்கே நிற்கிறாளோ, யார் கையைப் பிடித்திருக்கிறாளோ என்று நினைக்க நினைக்க வேனத்தை ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. மிளகின் அம்மா போனை எடுத்தாள், எண்ணைப் போட்டாள், ஒலிக்கத் தொடங்கியதும் அதை வேனத்தையின் மகளிடம் நீட்டினாள்.

"அவர்தான். நீ பேசும்மா."

கட்டின புருஷனோடு இந்த நிலைமையிலும் பேச முடியவில்லை பாருங்கள். நான்கு நாள் வீம்பு அவ்வளவு கெட்டி. போனில் ஒரே கோஷம். "அப்புறம், அப்புறம்" என்று ஒரு தேய்ந்த குரல் சொல்லிவிட்டு வைத்துவிட்டது. இரண்டாம் தடவை மகள் கத்தினாள்: "மாமா! மிளகைக் காணோம்!"

அவர் முன்னால் போய்க்கொண்டிருந்த லாரியிலேயே இருந்தார். குதித்து, கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்து வேனில் தொற்றிக்கொண்டார். "எங்கே, எங்கே" என்று கேட்டது உதட்டிலிருந்துதான் தெரிந்தது. மூன்று நாள் கத்தியதில் குரல் சுத்தமாகப் போயிருந்தது. ஊருக்கெல்லாம் மைக் கட்டுகிறவர், பெற்ற பெண்ணைக் கூப்பிடக் காற்று மட்டும் வருகிறது.

பள்ளிக்கூட வாசல் பூட்டியிருந்தது. காவல்காரர் ஓடிவந்தார்.

"சின்னது ஒண்ணு உங்க வேன் பின்னாலயே ஓடிச்சு. நீங்க நிறுத்தி ஏத்திக்குவீங்கன்னு நினைச்சேன் வேனத்தை. நான் உள்ள கேட்டைப் பூட்டப் போயிட்டேன்."

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"நீங்க போனப்பவேதான்."

முக்கால் மணி நேரம். சுற்றிலும் நாலு தெரு பார்த்தார்கள், கடைகளில் கேட்டார்கள். யாரும் பார்க்கவில்லை. மிளகின் அம்மா, "மிளகு! மிளகு!" என்று சந்து சந்தாகக் கூவினாள். அவள் புருஷன் பின்னாலேயே ஓடி, வாயைத் திறந்து திறந்து மூடினார். திரும்பி வேனில் ஏறியதும் இருவருக்கும் முட்டிக்கொண்டது.

"உங்க ஆளுங்க ரோட்டை அடைக்காம இருந்தா எப்பவோ வந்திருப்போம்" என்றாள் அவள். நான்கு நாளில் அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு.

"அந்தப் பெரிய பொண்ணு உங்க பக்கம்தானே? அதுதான் வேணும்னே..." என்று அவர் கிசுகிசுத்தார்.

பெரியவ ஓவென்று அழத் தொடங்கினாள். வேனத்தை பிரேக்கை ஒரே மிதி மிதித்தாள்.

"ரெண்டு பேரும் வாய மூடுங்க, இல்ல இறங்கிப் போய்ச் சண்டை போடுங்க. அது பதினொரு வயசுப் புள்ள. நான் பிரிச்சு உக்கார வெச்சேன், அது உக்காந்துச்சு. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுச்சு. தப்பு அதோடது இல்ல, வக்கீலோடதும் இல்ல. என்னோடது. கேக்கணும்னா என்னைக் கேளுங்க. புள்ள கிடைச்சப்புறம் கேளுங்க."

அவளுடைய போன் விடாமல் அடித்தது. மற்றப் பிள்ளைகளின் வீடுகள். மகள் ஒவ்வொன்றாக எடுத்து, "பத்திரமா இருக்காங்க, வர லேட்டாகும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நாலாவது போனை வைத்துவிட்டு அவள் சொன்னாள்.

"அம்மா, மிளகு வேன் பின்னால ஓடினாள்ல? அவளுக்கு வேன் போற வழி மட்டும்தானே தெரியும்?"

வேனத்தை அவளைத் திரும்பிப் பார்த்தாள். பெரியவர்கள் மூன்று பேரும் பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவிலே நேர்வழியில் தேடிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைக்கு நேர்வழி எப்படித் தெரியும்? அது பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்குப் போனதெல்லாம் ஐந்து நிறுத்தத்துக்கும் வளைந்து வளைந்து போகிற வேன் வழியாகத்தான். வண்டியைத் திருப்பினாள்.

முதல் நிறுத்தம், நான்கு மாடிக் குடியிருப்பு. இல்லை. இரண்டாவது, பேக்கரி முனை. பேக்கரிக்காரர், "ஆமா, ஒரு சின்னப் பொண்ணு கொஞ்ச நேரம் இங்க நின்னுச்சு, யாருக்கோ காத்திருக்குன்னு நினைச்சேன்" என்றார். மிளகின் அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் பெரிய சாலையைக் கடக்க வேண்டும். ஊர்வலம் போன சாலை. வேனத்தை அந்த இடத்தைத் தாண்டும்போது சாலையில் என்ன கிடக்கிறது என்று பார்க்கத் தைரியம் இல்லாமல் எதிரே மட்டும் பார்த்து ஓட்டினாள்.

மூன்றாவது நிறுத்தம் தண்ணீர்த் தொட்டி. தொட்டியின் நிழலில், பை முதுகில் இருக்க, பாட்டிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மிளகு நின்றாள்.

அம்மா வேன் நிற்பதற்குள் குதித்துவிட்டாள். பிள்ளையை வாரி அணைத்து, முதுகில் ஒரு அடி போட்டு, மறுபடி அணைத்தாள். பிள்ளை அழவில்லை. அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை. ஏதோ ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள்.

"ஒவ்வொரு ஸ்டாப்லயும் நின்னேம்மா. வேன் நிக்கும்ல, அவ்வளவு நேரம் நின்னேன். ரோட்டைத் தாண்டுறப்ப அப்பாவைப் பாத்தேன். லாரி மேல இருந்தாங்க. அப்பா அப்பான்னு கூப்பிட்டேன். அப்பா கையாட்டினாங்க. எனக்கு இல்ல. எல்லாருக்கும்."

மைக் செட்காரர் நடைபாதையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. அவர் பெண்டாட்டி அவரைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. பிள்ளையின் பாட்டிலைக் கழற்றி அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கிக் குடித்தார்.

வேனத்தை பிள்ளைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள். "ஏன் கண்ணு ஏறல?"

"ஏறினேன் அத்தை. இவங்க அங்க போன்னாங்க, அவங்க இங்க இல்லன்னாங்க. யாராவது கூப்பிடுவாங்கன்னு இறங்கி நின்னேன். கதவு மூடிடுச்சு."

"கத்தியிருக்கலாம்ல?"

"கத்தினேன்."

வேனத்தைக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. தெருவென்றும் பார்க்காமல் அழுதாள். "அத்தைதான் விட்டுட்டுப் போனேன். வேற யாரும் இல்ல. நான்தான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். மிளகு அவளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு வேன் கதவைப் பார்த்தாள்.

"இப்ப எந்தப் பக்கம் ஏறணும் அத்தை?"

வேனத்தை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் பக்கத்து முன் இருக்கையில் உட்காரவைத்தாள்.

அவர்கள் மூன்று பேரையும் வீட்டில் இறக்கிய பிறகு, வேனில் ஏழு பேர் மிச்சம். இரண்டு தெரு தாண்டியதும் வக்கீல் மெல்ல வாயைத் திறந்தான்.

"அத்தை, நீங்க எந்தப் பக்கம்?"

இதை ஒன்பது வருஷத்தில் எந்தப் பெற்றவரிடமும் அவள் சொன்னதில்லை. பிழைப்பில் மண் விழும். கண்ணாடியில் அவனைப் பார்த்தாள்.

"தோத்த பக்கம்."

இடது பெஞ்சில் இருந்த நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப எங்க மேல கோபமா?"

"உங்க அப்பா அம்மா மேல கோபம். ரொம்பக் கோபம். இன்னும் போகல. உன் மேல என்னத்துக்குடா கோபம்? நீயா ஜெயிச்ச? உனக்கு ஓட்டு வர இன்னும் எத்தனை வருஷம் கிடக்கு, தெரியுமா?"

"அப்ப ஏன் பிரிச்சு உக்கார வெச்சீங்க?" இதைக் கேட்டது வக்கீல் இல்லை. அவள் மகள்.

வேனத்தை பொய் சொல்லியிருக்கலாம். சண்டையைத் தடுக்க என்று சொன்னால் பாதி உண்மைதான். ஆனால் அன்றைக்கு அவளுக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை.

"சண்டை போடுறீங்கன்னு ஒரு காரணம். எனக்கும் அப்படிப் பிரிச்சு வெச்சா நல்லாருக்கும்னு தோணுச்சு. அது இன்னொரு காரணம். என் எரிச்சலை உங்க மேல இறக்கிட்டேன். பெரியவங்க பண்ற கோணல் வேலை, பாத்துக்கோங்க."

"இனிமே பிரிக்க மாட்டீங்கள்ல?" என்றாள் பெரியவ. அழுது அழுது அவள் மூக்கு சிவந்திருந்தது.

"மாட்டேன். ஆனா ஒருத்தனும் தோத்தாங்கோளின்னும் பாடக் கூடாது, ஒருத்தியும் திருட்டு ஓட்டுன்னும் சொல்லக் கூடாது. வீட்டுல என்ன கேட்டாலும் வேன் படியில இறக்கி வெச்சுட்டு ஏறுங்க. இறங்குறப்ப வேணும்னா எடுத்துக்கிட்டுப் போங்க."

"யாராவது தூக்கிட்டுப் போயிட்டா?" என்றான் வக்கீல்.

அந்த நேரத்திலும் இரண்டு மூன்று பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் ஒவ்வொரு வாசலிலும் இறங்கி நின்று, நடந்ததைத் தானே சொன்னாள். பிள்ளை வாய் வழியாகத் தெரிவதற்குள் தன் வாயால் சொல்லிவிட வேண்டுமென்று. மிளகின் அம்மா மட்டும் அவளைக் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டாள்; வேனத்தை தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். மற்றவர்களில் பலரும், பிள்ளை தவறிப்போனதைவிட, இனிமேல் சேர்த்து உட்காரவைக்கப் போகிறாள் என்பதற்குத்தான் அதிகம் குதித்தார்கள். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல! "என் வேன்ல பக்கம் கிடையாது. வேணாம்னா வேற வேன் பாத்துக்கோங்க" என்றாள். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் ஒன்றரை மாசத்தில், ஒன்றுமே நடக்காத மாதிரி, பையனை வாசலில் நிறுத்திவைத்தார். அவளும் ஒன்றுமே நடக்காத மாதிரி ஏற்றிக்கொண்டாள்.

மிளகை நிறுத்தவில்லை. அதை வேனத்தை எதிர்பார்க்கவே இல்லை. மூன்று நாள் கழித்து அவள் அப்பாவே கொண்டுவந்து ஏற்றினார், குரல் பாதி திரும்பியிருந்தது. வீட்டில் பேச்சு வந்துவிட்டதா என்று வேனத்தை கேட்கவில்லை. பிள்ளையைப் பற்றி மட்டும் பேசிக்கொள்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. மற்றதுக்கு இன்னும் நாளாகும்.

அன்று சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் ஏறினார்கள். பழையபடி எண் சொன்னார்கள். மிளகும் தன் எண்ணைச் சொன்னாள். எல்லாம் சரியாக இருந்தது. வேனத்தை கியரைப் போட்டபோது பின்னாலிருந்து ஒரு சின்ன விரல் அவள் தோளைத் தொட்டது.

"அத்தை, நான் ஏறிட்டேன்."

"ஏறிட்டியா கண்ணு, சரி" என்றாள்.

அடுத்த நாளும் அதே விரல், அதே வார்த்தை. அதற்கடுத்த நாளும். ஒரு வாரம் பார்த்தாள், ஒரு மாசம் பார்த்தாள். "நீதான் எண் சொன்னியேடா தங்கம், அத்தைக்குக் கேட்டுச்சு" என்று சொல்லிப் பார்த்தாள். பிள்ளை தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டது. மறுநாள் மறுபடி வந்து தோளைத் தொட்டது.

அதற்குப் பிறகு இன்னொரு தேர்தலும் வந்து போய்விட்டது. ஜெயித்தவர்கள் தோற்றார்கள், தோற்றவர்கள் ஜெயித்தார்கள். வேனத்தை ஓட்டுப் போட்ட பக்கம்கூட இந்தத் தடவை ஜெயித்துவிட்டது. அவள் டிவி பார்க்கவில்லை. வக்கீலும் பெரியவளும் பத்தாவது, பதினொன்றாவது போய்விட்டார்கள், வேனில் வருவதில்லை. மிளகு இப்போது ஏழாம் வகுப்பு. வேனத்தையைவிட இரண்டு விரல் உயரம். பழைய சண்டை எதுவும் தனக்கு ஞாபகமே இல்லை என்கிறாள்.

ஆனால் தினமும் சாயங்காலம், வண்டி நகர்வதற்கு முன்னால், பேசிக்கொண்டிருக்கிற பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு முன்னால் குனிந்து வேனத்தையின் தோளைத் தொட்டு, நான் ஏறிட்டேன் அத்தை என்கிறாள்.